ஏழாம் நம்பர் அயன் எப்படி வளைந்தது

என் உயிரில் பாதியாய் இருந்த, இப்போதும் இருக்கிற கோமு அக்காவுக்கு,

இந்த வாரம் நீ பேப்பரில் வந்திருந்தாய். தம்பின் பசார்ச் சந்தையில் வாங்கிய மஞ்சள் சட்டையோடு, கையில் பட்டர் என்கிற கோல்ஃப் கோலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம். மேலே "விபத்தாக வந்த விதி பறித்துச் சென்ற எங்கள் தங்கமே" என்று பெரிய எழுத்து. கீழே "ஓராண்டாகியும் கண்ணீர் வற்றாத அன்புத் தந்தை" என்று அப்பாவின் பெயர். அம்மா பெயரும் என் பெயரும் அதற்கும் கீழே, சின்னதாக.

அப்பா கட்டாகப் பேப்பர் வாங்கி வந்து லயத்து வீடுகள் முழுக்கக் கொடுத்தார். மளிகைக்கடை அங்கிள் அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். "பாத்தியா லா, பிள்ளை பாசம்னா இதுதான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது, இப்படி ஒரு தகப்பன்" என்று முட்டை வாங்கப் போன என்னிடமே சொன்னார். நான் முட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் கைக்குள்ளேயே ஒன்றை நசுக்கிவிட்டேன்.

அந்த அஞ்சலியைப் படித்தவர்கள் எல்லாரும் இதையும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் முதலில் நீ படி.

குளியலறையில் உட்கார்ந்திருக்கிறேன். போன் வெளிச்சத்தைத் துண்டால் பாதி மூடியிருக்கிறேன். அம்மா சுங்கை காடுட் பேக்டரிக்கு நைட் ஷிப்ட் போய்விட்டார். அப்பா ஹாலில் தூங்குகிறார். அவர் புரண்டால் கட்டில் முனகும், அது முனகினால் நான் எழுதுவதை நிறுத்திவிடுவேன். எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் அதனால்தான், கோபித்துக்கொள்ளாதே. கால் நீட்ட முடியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

இன்றைக்கு நான் எண்பத்தொன்று அடித்தேன் அக்கா. சிரம்பானில், மாநில ஜூனியர் தேர்வின் முதல் நாள். நாளை இரண்டாவது நாள். கோல்ஃப் தெரியாத யாராவது இதைப் படித்தால், பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து எத்தனை ஷாட் அடிக்கிறோமோ அதுதான் கணக்கு என்று சொல்லிவிடு. குறைவாக அடித்தவர்தான் ஜெயிப்பார். எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது என்றும் சொல்லிவிடு.

அதை நானே சொல்கிறேனே. உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக.

எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பாதியை விற்றுக் கோல்ஃப் திடல் ஆக்கினார்கள். அப்பா முதலில் அங்கே பை சுமக்கிற கேடியாக இருந்தார். இப்போது புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறார். திங்கட்கிழமை காலையில் வேலையாட்கள் விளையாடலாம் என்று திடலில் ஒரு பழக்கம் உண்டு. அப்படி விளையாடிப் பழகியவர்தான் அப்பா. கேடிகளுக்குள் நடந்த போட்டி ஒன்றில் கடைசிக் குழியில், பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுகிற ஒரு சின்னப் பட்டைத் தவறவிட்டுத் தோற்றார். அன்றைக்கு அவருக்குக் கிடைக்காததை நாம் இருவரும் வாங்கித் தர வேண்டும். நாம் பிறந்ததே அதற்குத்தான் என்பது போல வளர்த்தார்.

போட்டிக்கு முந்தின நாள் ஐஸ் பெட்டியின் கதவில் ஒரு எண்ணை ஒட்டுவார். அதற்கு மேல் எத்தனை ஷாட் போகிறதோ அத்தனை அடி. முதலில் ரோத்தான் பிரம்பு. அது உடைந்த பிறகு கையில் கிடைத்த அயன், இரும்புத் தலை வைத்த கோல்ஃப் கோல், அதன் கம்பி. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். ஜன்னலைச் சாத்துவார். டிவி சத்தத்தைக் கூட்டுவார். கையிலும் முகத்திலும் அடிக்க மாட்டார். கை விளையாட வேண்டும், முகத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்கள். பாவாடை மறைக்கிற இடமாகப் பார்த்து, புல் வெட்டுகிற மாதிரி வரிசையாக அடிப்பார். கடைசியில் வெந்நீர் வைத்து அவரே ஒத்தடமும் கொடுப்பார். "ஒன் நல்லதுக்குத்தானே" என்பார். எது வலித்தது அக்கா, அடியா அந்த ஒத்தடமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் யார் வீட்டில் டிவி சத்தம் கூடினாலும் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

நீதான் அந்த எண்ணை முதலில் எதிர்த்தாய். அடம் பிடித்தோ அழுதோ இல்லை, சிரித்துக்கொண்டே எதிர்த்தாய். செம்பனை வரிசைக்குள் நாம் பழகப் போவோமே, அங்கே வைத்துச் சொன்னாய். "எழுபத்தஞ்சு எழுபத்தஞ்சுன்னு நெனச்சா பந்து போய்டுமா சுபா? அது எல்லாம் முடிஞ்சு கடைசியா வர்ற நம்பர். காத்து அடிக்கும், பந்து கல்லுல படும், குரங்கு தூக்கிட்டு ஓடும். அதுக்கெல்லாம் நாம என்னா பண்றது? நம்ம கையில இருக்கறத மட்டும் குறியா வைப்போம்."

"நம்ம கையில என்னா இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்போதைக்கு ஒன் கையில அட்டை இருக்கு, பாரு" என்றாய். உண்மையிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். நீ வெட்டிப் போட்ட ஓலை மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அதற்குப் பிறகுதான் நமக்கென்று தனியாகக் குறி வைக்கத் தொடங்கினோம். நீ அதில் ரொம்பக் கறார். "நல்லா ஆடணும்" என்று நான் சொன்னால் தலையில் குட்டுவாய். "நல்லான்னா என்னா? நல்லா ஆடினியான்னு சாயங்காலம் எப்படிக் கண்டுபிடிப்ப? ஆமா இல்லன்னு பதில் சொல்ற மாதிரி சொல்லு." அப்படித்தான் "ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் பந்துக்குப் பின்னால் நின்று ஒரு மூச்சு" என்று ஒன்று வந்தது. "பட் அடித்தால் பந்து குழியைத் தாண்டினாலும் பரவாயில்லை, குழிக்கு முன்னாலேயே நிற்கக் கூடாது" என்று இன்னொன்று. சின்னச் சின்னதாக. அப்பாவுக்கு ஐஸ் பெட்டி நம்பர். நமக்கு நம்முடையது.

நம்முடைய பெரிய தப்பையும் நீதான் கண்டுபிடித்தாய். செம்பனைக்குக் கீழேயே பழகியதால் தலைக்கு மேலே எப்போதும் மட்டை தொங்கும். மேலே அடித்தால் பந்து மட்டையில் பட்டு நம் மண்டைக்கே திரும்பி வரும். அதனால் நமக்குத் தெரியாமலேயே தாழ்வாக அடிக்கப் பழகிவிட்டோம். தோட்டத்துப் பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் இந்தக் கோளாறு வராது. திறந்த திடலுக்கு வந்து அடித்தால் பந்து தரையோடு ஓடி, குழியைச் சுற்றியிருக்கிற கிரீன் புல்தரையில் நிற்காமல் அந்தப் பக்கம் போய் விழுந்தது. "ஐயோ, நம்ம பந்து துரத்தின காட்டுப்பன்னி மாதிரில போகுது" என்றாய். வானமே வெட்ட வெளியாக இருந்தாலும் நம் கைக்கு மட்டும் மேலே கூரை இருந்தது.

அந்தக் கூரையைப் பிரிப்பதுதான் உன் கடைசிக் குறி. லோரி போகிற செம்மண் பாதையில், இரண்டு வரிசைக்கும் நடுவில் தெரிகிற வானத்துண்டைப் பார்த்து ஏழாம் நம்பர் அயனால் அடிப்பாய். உன் பந்து மட்டைக்கு மேலே ஏறி வெயிலில் மறைந்த அன்று நீ அயனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாதையில் ஆடினாய். குலை வெட்டுகிற அண்ணன்கள் அலக்குக் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம்தான் அந்தப் போட்டி.

அக்கா, அன்றைய சாயங்காலத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பேப்பரில் "விபத்து" என்று போட்டிருக்கிறதே.

நீ எண்ணுக்கு மேலே ஒன்பது போயிருந்தாய். உயரமாக அடிக்க முயன்றதால் சில பந்துகள் குளத்தில் போயின. நீ அதை மறைக்கவில்லை. "அப்பா, இன்னிக்கு நான் புதுசா ஒண்ணு பழகிட்டேன். நம்பர் அப்புறம் வரும்" என்றாய். அப்பா கடிகாரத்தைக் கழற்றினார். உன் பையிலிருந்தே ஏழாம் நம்பரை உருவினார். "இதுலதானே பழகின?" என்றார்.

நான் மேசைக்குக் கீழே இருந்தேன். முதல் சில அடிகளுக்கு நீ கத்தவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு மூச்சு எடுத்தாய். அது எனக்குக் கேட்டது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வரிசையும் இல்லை, கணக்கும் இல்லை. முதுகு, இடுப்பு, தோள் என்று விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அறைகிற சத்தம். கடைசி அடி உன் இடுப்பெலும்பில் விழுந்தபோது கம்பி நடுவில் மடங்கிவிட்டது. அப்பா கம்பியைப் பார்த்தார். நீ அந்த நேரத்தில் எழுந்து ஓடினாய்.

செருப்பு இல்லாமல், பின்கட்டு வழியாக, அந்தச் செம்மண் பாதைக்கே ஓடினாய். குலை ஏற்றிய லோரி வளைவில் வந்தது. டிரைவர் பாவம், ஸ்டியரிங்கில் தலையை முட்டி முட்டி அழுதார். உன் மேல் இருந்த எல்லா அடையாளத்தையும் லோரி மூடிவிட்டது. போலீஸ் வந்தது, பாதையை அளந்தது, போய்விட்டது. கதவுக்குப் பின்னால் சாய்ந்திருந்த அயனை யாரும் பார்க்கவில்லை.

உன் பெட்டியின் மேல் விழுந்து அதிகமாக அழுதவர் அப்பாதான். ஆண்கள் நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். உன் பட்டரை உன் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கதறினார். அதைப் பார்த்துப் பெண்கள் அழுதார்கள். அவர் அழுதது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் உன் கோல்ஃப் செட்டை எடுத்து வந்தார். நீ என்னைவிட உயரம் இல்லையா? ஒவ்வொரு கம்பியாக மேசை ஓரத்தில் வைத்து, இரும்பு ரம்பத்தால் என் அளவுக்கு அறுத்தார். இரும்புத் தூள் சோற்றுத் தட்டில்கூட இருந்தது. ஏழாம் நம்பரை மட்டும் முட்டியில் வைத்து நிமிர்த்தினார். சரியாக நிமிரவில்லை. நடுவில் சுருக்கம் விழுந்துவிட்டது. அதில் அடித்தால் பந்து இடப்பக்கம் இழுக்கும். நான் வலப்பக்கம் பார்த்து நின்று அடிக்கப் பழகிக்கொண்டேன். அந்த அயனைத் தொடும் ஒவ்வொரு தடவையும் என் விரல் அந்தச் சுருக்கத்தைத் தேடிப் போகும். உன்னைத் தொடுகிற மாதிரியா, அப்பாவைத் தொடுகிற மாதிரியா? இரண்டும்தான்.

ஒரு நாள் செம்பனைக்குள் தனியாகப் பழகும்போது, பந்தை விட்டுவிட்டு மரத்தை அடித்தேன். நிறுத்தவே முடியவில்லை. மட்டைக் கட்டை சிதறித் தெறித்து முகத்தில் கீறியது, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். கை மரத்துப்போனபோது பார்த்தால், அப்பா நிற்கிற மாதிரியே காலை அகற்றி நின்றுகொண்டிருந்தேன். அயனைக் கீழே போட்டுவிட்டுக் காலைச் சேர்த்து வைத்தேன். அவர் என்னை அடிப்பது ஒரு பயம். நான் அவராக ஆகிவிடுவேனோ என்பது அதைவிடப் பெரிய பயம். உனக்கும் அந்தப் பயம் இருந்ததா? அதனால்தான் எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தாயா?

சரி, இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி ஆயிஷா சிக்குதான் வேனில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். புதுசாக வந்த டீச்சர், உனக்குத் தெரியாது. மெதுவாகப் பேசுவார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். அப்பா மோட்டாரில் பின்னாலேயே வந்தார். ஐஸ் பெட்டியில் இந்தத் தடவை எழுபத்தாறு.

ஆரம்பிப்பதற்கு முன்னால் சிக்கு என் பையைப் பார்த்தார். ஏழாம் நம்பரை உருவி, கம்பியில் விரலை ஓட்டினார். சுருக்கத்தில் விரல் நின்றது. "கம்பி வளைந்திருந்தால் போட்டியில் அடிக்கக் கூடாது, தெரியுமா? எப்படி இப்படி ஆச்சு?" என்று மலாயில் கேட்டார்.

பார்க்க வந்தவர்கள் நிற்கிற கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அப்பா சிரித்துக்கொண்டே, "திடல் பக்கி வண்டி ஏறிடுச்சு சிக்கு! என் தப்புதான், பாக்காம ரிவர்ஸ் எடுத்துட்டேன்" என்றார்.

சிக்கு திரும்பவில்லை. "நான் சுபாவைக் கேட்டேன்" என்றார்.

அக்கா, அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "பக்கிதான், சிக்கு" என்றேன். அவர் அயனை உடனே தரவில்லை. என் பாவாடையை, காலை, மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். "சரி. இன்னிக்கு இதைத் தொடாதே. நாளைக்குக் காலையிலும் பையைப் பார்ப்பேன்" என்றார்.

ஏழு இல்லாமலே ஆடினேன். என்னோடு ஆடியது சிரம்பானிலிருந்து வந்த ஷர்மிளா என்ற பெண். முதல் ஷாட்டிலேயே என் பந்து தரையோடு பறந்ததைப் பார்த்து, "என்னா லா இது, பந்தா பாம்பா?" என்றாள்.

"மேல மட்டை இருக்குன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எந்த மட்டை லா?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். நீ போன பிறகு திடலில் நான் சிரித்தது இன்றைக்குத்தான்.

எனக்கு மூன்று குறி இருந்தது. எல்லாம் உன் அளவுதான், ஆமா இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒரு மூச்சு. எந்தப் பட்டும் குழிக்கு முன்னால் நிற்கக் கூடாது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் கிரீன் இருக்கிற குழியில், பயந்து ஓரமாகத் தட்டாமல், ஒரு தடவை உயரமாக அடிக்க வேண்டும்.

அந்தக் குழியில் அப்பா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "ஓரமா தட்டு! ஓரமா!" என்று பல்லுக்குள் சொன்னார். அங்கே எனக்குத் தேவைப்பட்டது ஏழாம் நம்பர், அது தடை. அதைவிடக் குறைந்த தூரம் போகிற எட்டை எடுத்தேன். பின்னால் நின்று மூச்சு எடுத்தேன். அடித்தேன். பந்து ஏறியது அக்கா. ஏறிக்கொண்டே போனது. ஷர்மிளா வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். அது கிரீன் ஓரத்தில் விழுந்து, சரிவில் உருண்டு, தண்ணீருக்குள் போய்விட்டது. ஏழாக இருந்திருந்தால் தாண்டியிருக்கும்.

அதில் போனது இரண்டு ஷாட். ஆனால் கூரை பிரிந்துவிட்டது. நான் பார்த்தேன்.

மூன்றுக்கும் ஆமா. உன் கணக்கில் இன்றைக்குத்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல ஆட்டம். அப்பா கணக்கில் எழுபத்தாறுக்கு மேலே ஐந்து.

வீட்டுக்கு வந்ததும் டிவி சத்தம் கூடியது. அம்மா வேலைக்குக் கிளம்பப் பேக்டரிச் சட்டையோடு சமையலறையில் நின்றிருந்தார். அப்பா என் பையிலிருந்து ஏழாம் நம்பரைத்தான் எடுத்தார். வேறு எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். "சிக்குகிட்ட என்னா மூஞ்சி காட்டின? என்னா மூஞ்சி அது? நான் பொய் சொல்றேன்னு காட்டுறியா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தார். ஐந்து என்பது எப்போதோ முடிந்துவிட்டது. நான் கீழே விழுந்து மேசைக்காலைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் என் வலது கையை இழுத்து மேசை மேல் வைத்தார்.

கையை அவர் தொட்டதே இல்லை அக்கா. உனக்கும் தொட்டதில்லை. அயனின் தலையை என் விரல்கள் மேல் வைத்து, குழிக்குப் பக்கத்தில் பட்டை அளவு பார்க்கிற மாதிரி மெதுவாகத் தட்டினார். "நாளைக்கும் எழுபத்தாறு வரலன்னா இந்தக் கை எதுக்கு ஒனக்கு?" என்றார். குரலில் கோபமே இல்லை.

அம்மா நடுவில் வந்தார். அப்பா முழங்கையைப் பின்னால் வீசினார். அம்மாவின் உதடு கிழிந்தது. சட்டையில் ரத்தம் பட்டதைப் பார்த்ததும், "வேற சட்ட மாத்திக்க, பஸ் வந்துடும்" என்று சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார். அயனை வழக்கம் போலக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

அம்மா பின்கட்டில் என் காலுக்குத் தைலம் தடவினார். தண்ணீர் விழுகிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "சிக்கு என்னா கேட்டாங்க?" என்றார்.

"கம்பி எப்படி வளைஞ்சதுன்னு."

"நீ என்னா சொன்ன?"

"பக்கி ஏறிடுச்சுன்னு."

அம்மா உதட்டைத் துடைத்தார். "நாளைக்குத் திரும்பக் கேப்பாங்களா?"

"பையப் பாப்பேன்னாங்க."

"கேக்கலன்னா?"

நான் தைலப் புட்டியை மூடினேன். அம்மா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஏழாம் நம்பர் இருந்தது. அதைத் தன்னுடைய பூப்போட்ட பாத்தேக் கைலியில் சுற்றினார். குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினார் அக்கா. என் கோல்ஃப் பையின் அடி வரை செருகி, மேலே குடையை வைத்து மூடினார். கதவுக்குப் பின்னால், அயன் நின்ற இடத்தில், ஒட்டடைக் கம்பை நிறுத்தினார்.

"கேக்கலன்னா நீயே காட்டு" என்றார். "அன்னிக்கு இந்தக் கம்பிய யாரும் பாக்கல."

"அம்மா, அப்பா அங்கயே நிப்பாரு."

"நானும் நிப்பேன். ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வரல. பஸ் டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டு அங்கயே எறங்கிக்கறேன்." பிறகு என்னைப் பார்க்காமல், "சட்ட மாத்தல. இப்படியே போறேன்" என்றார்.

அப்படியே போனார், ரத்தம் பட்ட சட்டையோடு. அவர் அப்படி ஒரு பேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. நீ கேட்டிருக்கிறாயா?

இப்போது கட்டில் முனகியது. நிறுத்திவிட்டேன். அவர் எழுந்து ஹாலைத் தாண்டிச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். ஒட்டடைக் கம்பு நின்ற கதவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார். நான் பேப்பரைத் துண்டுக்குள் மறைத்தேன். குளியலறைக் கதவின் கீழே அவர் காலின் நிழல் தெரிந்தது. "சுபா, போய்த் தூங்கு. நாளைக்கு ஆடணும்" என்றார். "வயிறு வலி, அப்பா" என்றேன். போய்விட்டார். ஒட்டடைக் கம்பு இருட்டில் அயன் மாதிரிதான் தெரியும். விடிந்தால் தெரிந்துவிடும். வெளிச்சம் வருவதற்குள் வேன் வர வேண்டும்.

பயமாக இருக்கிறது அக்கா. பேனா வழுக்குகிறது.

நாளைக்கு என்ன குறி வைப்பது என்று யோசித்தேன். எழுபத்தாறு என் கையில் இல்லை. சிக்கு நம்புவாரா என்பதும் என் கையில் இல்லை. போலீஸ் வருமா, அப்பா என்ன செய்வார், நாளை ராத்திரி நானும் அம்மாவும் எங்கே தூங்குவோம், எதுவும் என் கையில் இல்லை. லயம் முழுக்க என்ன சொல்லும் என்பதும் இல்லை. மளிகைக்கடை அங்கிள் உன் படத்தைக் கிழிப்பாரா, என் முகத்தில் துப்புவாரா?

கையில் இருப்பது ஒன்றுதான். வேனிலிருந்து இறங்கியதும், ஷூவைக்கூட மாற்றாமல், சிக்குவின் மேசைக்குப் போக வேண்டும். கைலியைப் பிரிக்க வேண்டும். அயனை மேசை மேல் வைக்க வேண்டும். ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சாயங்காலம் நீ கேட்டால் ஆமா இல்லை என்று பதில் சொல்லலாம்.

அந்த வாக்கியத்தை மலாயில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், உதட்டை அசைக்காமல். மலாயில் சொன்னால் வேறு யாருடைய கதையோ மாதிரி இருக்கிறது, பயம் கொஞ்சம் குறைகிறது. தமிழில் நினைத்தால்தான் அது நம் வீடாகிவிடுகிறது. ஆனால் உன்னிடம் தமிழில்தான் சொல்ல வேண்டும், முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா. பக்கத்தில் யார் நின்றாலும், யார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முறைத்தாலும் சொல்வேன். அயனுக்குப் பின்னால் நின்று ஒரு மூச்சு எடுப்பேன். பிறகு சொல்வேன்:

"சிக்கு, இது பக்கி ஏறி வளையல. எங்க அக்கா மேல வளைஞ்சது."

இப்படிக்கு,
உன் செட்டைச் சுமந்துகொண்டு, உன் மூச்சையே எடுத்துக்கொண்டு நாளைக்குப் போகிற
உன் தங்கச்சி சுபா